ஒரே தறி, இருவேறு முதுமை: காஞ்சிபுரத்தில் முதியோர் ஓய்வூதியமும் சாதியும்

காஞ்சிபுரம் பட்டுச்சேலைக்குப் பெயர் வாங்கித் தந்தது கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம் எனத் தனித்தனி நாடாக்களை ஓட்டி, இரண்டையும் இழையோடு இழையாகப் பிணைக்கும் முறை அது. மூன்று நாடா ஓடும் தறியில் ஒருவர் மட்டும் அமர்ந்து கோர்வை நெய்ய இயலாது. மறுபக்கக் கரையின் நாடாவைத் தள்ளிக்கொடுக்க இன்னொருவர் வேண்டும். நெடுங்காலம் அந்த இன்னொருவர் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தார். நெசவாளியின் வீட்டில் பிள்ளை இல்லாவிட்டால், முன்பணம் வாங்கிய ஏழைக் குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தது. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகள் பற்றி 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. அக்குழந்தைகளில் தலித் பிள்ளைகள் பெருமளவில் இருந்ததை அது பதிவு செய்தது. அறிக்கை வந்தபோது இந்த வழக்கம் புதிதன்று. பல தலைமுறைப் பழக்கமாக அது நிலைபெற்றிருந்தது.

1960களிலும் 70களிலும் அவ்வாறு தறிக்கு வந்த பிள்ளைகள் இன்று 60ஐக் கடந்துவிட்டனர். அவர்களுக்கு வேலை சொன்ன நெசவாளியும் முதியவராகிவிட்டார், அல்லது மறைந்துவிட்டார். ஆனால் நெசவாளியிடம் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் எண் இருந்தது, சேமிப்புத் திட்டக் கணக்கு இருந்தது, நெசவாளர் அடையாள அட்டை இருந்தது. பக்கத்தில் அமர்ந்து நாடா தள்ளியவரிடமும், வீட்டுத் திண்ணையில் தார் சுற்றியவரிடமும் இவற்றில் எதுவும் இல்லை. ஒரே தறியிலிருந்து எழுந்து செல்லும் இருவரும் முதுமையில் இருவேறு அலுவலகங்களின் வாசலில் நிற்கிறார்கள். அந்த வாசல்கள் எவை, யாருக்குத் திறக்கின்றன, சாதி எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்பதையே இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

முதியோருக்கென ஒரே துறை தமிழ்நாட்டில் இல்லை. ஓய்வூதியம் வருவாய்த் துறையிடமும், பெற்றோர் பராமரிப்புச் சட்டம் சமூக நலத்துறையிடமும் உள்ளன. நெசவாளர் ஓய்வூதியம் கைத்தறித் துறையின் பொறுப்பு. அமைப்புசாராத் தொழிலாளர் ஓய்வூதியம் தொழிலாளர் துறையின் நலவாரியங்கள் வழியே வருகிறது. ஆதிதிராவிடர் நலத்துறை பெரும்பாலும் விடுதி, கல்வி உதவித்தொகை, வீட்டுமனை, வன்கொடுமை நிவாரணம் என்ற வட்டத்துக்குள் இயங்குகிறது. தலித் ஒருவர் முதியவரானதும் அவர் பொது வரிசையில் ஒருவராகிவிடுகிறார். அந்த வரிசை சமமாக நகர்கிறதா என்பதுதான் கேள்வி.

வருவாய்த் துறையின் வாசல்

இவற்றுள் பழையதும் பெரியதும் வருவாய்த் துறையின் முதியோர் ஓய்வூதியம். காமராசர் முதலமைச்சராக இருந்த 1962இல், மாதம் 20 ரூபாயாக அது தொடங்கியது. முதியோருக்குப் பொது உதவி வழங்கப்பட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 41ஆவது கூறு சொல்லியிருந்தும், ஒன்றிய அரசு 1995 ஆகஸ்ட் 15 வரை காத்திருந்துதான் தேசிய சமூக உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2007இல் அது இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டமாகப் பெயர் மாறியது. 2011இல் தகுதி வயது 65இலிருந்து 60 ஆனது. தமிழ்நாட்டில் ஓய்வூதியத் தொகை 2011இல் 1,000 ரூபாயாகவும், 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. கைம்பெண்கள் முதலான எல்லாப் பிரிவினரையும் சேர்த்து 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருவாய்த் துறையின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களைப் பெறுகின்றனர்.

1,200 ரூபாயில் ஒன்றிய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய். 80க்கு மேல் 500 ரூபாய். அந்த 200 ரூபாய் 2007க்குப் பின் உயரவே இல்லை. அப்போது பிறந்த குழந்தை இன்று வாக்காளர். அருணா ராய், பாபா அதவ் முதலானோர் முன்னெடுத்த பென்ஷன் பரிஷத் இயக்கம், குறைந்தபட்சக் கூலியில் பாதியையாவது ஓய்வூதியமாகத் தர வேண்டும் என்று 2012 முதல் கேட்டுவருகிறது. அக்கோரிக்கை நாடாளுமன்றத் தெருவைத் தாண்டி உள்ளே போகவில்லை.

பணம் தவிர வேறு சிலவும் உண்டு. ஓய்வூதியம் பெறுவோர் விரும்பினால் சத்துணவு மையத்தில் மதிய உணவு உண்ணலாம். உண்பவருக்கு மாதம் 2 கிலோ, உண்ணாதவருக்கு 4 கிலோ அரிசி விலையின்றிக் கிடைக்க வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டியோ சேலையோ உண்டு. கிராமங்களில் பலருக்கு இந்த உரிமைகள் இருப்பதே தெரியாது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

விண்ணப்பம் இ-சேவை மையத்தில் தொடங்குகிறது. பின்னர் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணையைக் கடந்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரின் ஆணையில் முடிகிறது. காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், திருப்பெரும்புதூர், குன்றத்தூர் ஆகிய ஐந்து வட்டங்களிலும் இதுவே வழி. எழுத்தில் இது எளிய பாதை. நடைமுறையில் எல்லாம் ஒரு சொல்லில் தொங்குகின்றன: 'ஆதரவற்றவர்'.

யார் ஆதரவற்றவர் என்பதைத் தீர்மானிப்பது கள விசாரணை. 'மகன் பராமரிக்கிறார்' என்ற ஒற்றை வரி போதும், மனு தள்ளுபடியாகிவிடும். காலனியில் ஒற்றை அறை வீட்டில் மகன், மருமகள், பேரக்குழந்தைகளுடன் ஒரு மூலையில் படுத்திருக்கும் மூதாட்டி அந்த வரியின்படி ஆதரவு பெற்றவர். மகன் ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால், 'கம்பெனி வேலை' என்ற சொல் அவருக்கு நிரந்தர வருமானத்தைக் கற்பித்துவிடுகிறது. விசாரணை அதிகாரி சேரிக்குள் வந்து பார்த்தாரா, ஊருக்குள் இருக்கும் அலுவலகத்தில் அமர்ந்தே எழுதினாரா என்று கேட்பாரும் இல்லை. விண்ணப்பதாரர் எந்தக் குடும்பத்தின் நிலத்தில் வேலை செய்தாரோ, அந்தக் குடும்பத்தின் வாய்மொழியே அவரைப் பற்றிய சாட்சியமாகவும் ஆகிவிடக் கூடும்.

உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று பிறப்பித்த ஆணை, தகுதியுள்ள முதியோரை அடையாளம் காணும் பொறுப்பை அரசின் மீதே வைத்தது. ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் ஓய்வூதியம் சேர வேண்டும் என்றும் சொன்னது. அடையாளம் காண வேண்டியது அரசு. ஆனால் தன்னை நிரூபிக்க அலைவது முதியவர்.

உறுப்பினர் என்ற தகுதி

நெசவாளருக்குத் தனி ஓய்வூதியம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. கூட்டுறவு நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்து, 60 வயதைக் கடந்தவருக்குக் கைத்தறித் துறை ஓய்வூதியம் வழங்குகிறது. அவர் இறந்தால் குடும்பத்துக்கும் ஓய்வூதியம் உண்டு. காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் என்ற பெயர்களில் பெரிய பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. இந்திய அளவில் பேசப்படும் கூட்டுறவு வெற்றிகளுள் அவையும் அடங்கும். ஆனால் சங்க உறுப்பினராக வேண்டுமெனில் தறி வேண்டும், தறி போட வீடு வேண்டும். குழித்தறிக்குத் தரையில் பள்ளம் வெட்ட இடம் வேண்டும், பாவை விரிக்க நீளமான கூடமோ தெருவோ வேண்டும். செங்குந்தர், சாலியர், தேவாங்கர், சௌராட்டிரர் போன்ற நெசவுச் சாதியினரின் தெருக்கள் அந்த அளவுக்கேற்பவே அமைந்தன. சேரியின் குடிசை அவ்வாறு அமையவில்லை. அங்கிருந்து நெசவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பிறர் தறியில் கூலிக்கு நெய்தார்கள், துணையாளாக அமர்ந்தார்கள், இழை முறுக்கினார்கள். தொழில் அவர்களை ஏற்றுக்கொண்டது. சங்கத்தின் பதிவேடு ஏற்கவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே நலவாரியம் உருவானது. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்த வாரியங்களில் கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெய்யும் தொழிலாளர்களுக்கென ஒன்று இருக்கிறது. தறி சொந்தமில்லாதவரும் அதில் பதியலாம். 18 முதல் 60 வயதுக்குள் பதிந்து, குறித்த காலத்தில் புதுப்பித்து வந்தால் 60இல் ஓய்வூதியம் கிடைக்கும். 60ஐக் கடந்த பின் அந்த வாசல் மூடப்பட்டுவிடும். தொழில் செய்கிறார் என்ற சான்றும் வேண்டும். தறி உரிமையாளர் அந்தச் சான்றை ஏன் தர வேண்டும்? கூலியாள் ஒருவர் தன்னிடம் வேலை செய்கிறார் என எழுத்தில் ஒப்புவது முன்பணத்தையும் கூலி விகிதத்தையும் கேள்விக்கு உள்ளாக்கும். எனவே பதிவு செய்தவர்களில் பலர் தொழிற்சங்கத்தின் வழியே வந்தவர்கள். சங்கம் எட்டாத கிராமத்தில் பதிவும் எட்டவில்லை. தார் சுற்றும் பெண்களை 'வீட்டில் சும்மா இருப்பவர்கள்' என்றே கணக்கெடுக்க வருபவரிடம் வீட்டார் சொல்வார்கள். அந்தப் பெண்களும் அவ்வாறே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

கோயில் நகரத்தின் இன்னொரு உழைப்பையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019இல் அத்திவரதர் 48 நாட்கள் காட்சி தந்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். அவர்கள் விட்டுச் சென்ற குப்பையையும் மலத்தையும் அள்ளியவர்கள் யார் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தூய்மைப் பணியில் மூன்று தலைமுறைகளின் முதுமை மூன்று விதமானது. நகராட்சியில் நிரந்தரமாகப் பணியாற்றிய தாத்தாவுக்கு ஓய்வூதியமும், அவருக்குப் பின் பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியமும் கிடைத்தன. 2003 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்த மகன் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குள் தள்ளப்பட்டார். ஒப்பந்ததாரரிடம் வேலை செய்யும் பேரனுக்கு இருப்பது வருங்கால வைப்பு நிதி மட்டுமே. அதன் வழியே ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். குறைந்தபட்ச ஓய்வூதியமோ 2014 முதல் 1,000 ரூபாய். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் கணக்கும் அறுந்தால் அந்தப் பத்தாண்டும் சேராது. காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சியாக உயர்ந்தது. தூய்மைப் பணியாளரின் ஓய்வுக்காலம் அதே விகிதத்தில் தாழ்ந்திருக்கிறது.

பராமரிப்புச் சட்டம் யாருடைய வீட்டைக் கற்பனை செய்தது?

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி, கைவிடப்பட்ட பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகள் தர ஆணையிடலாம். பராமரிப்பதாக வாக்களித்துச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்ட பிள்ளை ஏமாற்றினால், 23ஆவது பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். செய்திகளில் அடிக்கடி இடம்பெறும் பிரிவு இதுதான்.

நல்ல சட்டம்தான். ஆனால் அதன் மனத்தில் இருக்கும் முதியவர் எழுதிக்கொடுக்கச் சொத்துள்ளவர். அவருடைய மகன் 10,000 ரூபாய் தரக்கூடியவன். காஞ்சிபுரம் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், பறையர்களின் நிலையை விவரித்து அளித்த அறிக்கையின் விளைவாகவே 1892இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் கூறும் அந்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போனது. மீட்கப் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று இதே மாவட்டத்தில் காரணைப் போராட்டத்தின் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தனர். 23ஆவது பிரிவு மகனிடமிருந்து சொத்தை மீட்டுத் தரும். ஊராரிடம் போன நிலத்தை மீட்டுத் தரும் பிரிவு அச்சட்டத்தில் இல்லை.

அதே சட்டத்தின் 19ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோர் தங்கும் அளவில் அரசு முதியோர் இல்லம் அமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. சொத்தற்ற முதியவருக்கு உண்மையில் உதவக்கூடியது இந்தப் பிரிவே. அது கட்டாயமாக அன்றி, 'அமைக்கலாம்' என்ற மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. மூத்த குடிமக்களின் உரிமைகள் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2018 டிசம்பரில் அசுவனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய பின்னும் அந்த மொழி மாறவில்லை.

பிற சேவைகள் குறித்துச் சுருக்கமாக: 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் ரேஷன் பொருட்களைக் கொண்டுவருகிறது. முதியோர் உதவி எண் 14567. இவை பயனுள்ளவை. குறிப்பாக வீடு தேடி வரும் ரேஷன், கடை ஊர்த்தெருவில் இருக்கும் இடங்களில் காலனி முதியவருக்கு நடையை மட்டுமன்றி வேறு சிலவற்றையும் மிச்சப்படுத்தும்.

60 என்ற எண்

எல்லா வாசல்களிலும் கேட்கப்படும் முதற்கேள்வி வயது. பள்ளி சென்றவருக்குச் சான்றிதழ் உண்டு. தறிக்கும் வயலுக்கும் சென்ற பிள்ளைக்கு இல்லை. ஆவணம் இல்லாதவர்களுக்கு ஆதார் பதிவின்போது உத்தேச வயதே எழுதப்பட்டது. பலருடைய அட்டையில் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கும். பதிவாளர் கண்ணால் பார்த்து ஐந்து ஆண்டு குறைத்து எழுதியிருந்தால், ஐந்து ஆண்டு ஓய்வூதியம் போயிற்று. வயதுக்கு ஆதார் சான்றாகாது என்று 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பள்ளிச் சான்றிதழையே அது ஏற்றது. பள்ளியே இல்லாதவருக்கு இத்தீர்ப்பும் உதவாது. அவர் அரசு மருத்துவரின் வயதுச் சான்றை வலியுறுத்திக் கேட்க வேண்டும். ஓய்வூதியம் கிடைத்த பின்னும் கை ரேகை இயந்திரம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பட்டிழை ஓடிய விரலிலும், கரைசல் ஊற்றித் தரை தேய்த்த விரலிலும் ரேகை எளிதில் பதிவதில்லை.

வயது சரியாகவே எழுதப்பட்டிருந்தாலும் 60 எல்லாருக்கும் ஒரே 60 அன்று. இந்தியாவில் தலித் பெண்களின் சராசரி இறப்பு வயது 39.5, உயர்சாதிப் பெண்களுக்கு 54.1 என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. 2004ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுத் தரவிலிருந்து பெற்ற கணக்கு அது. இறப்பு வயதின் சராசரியும் ஆயுள் எதிர்பார்ப்பும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். ஆயுள் எதிர்பார்ப்பைத் தனியே ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒன்பது வடஇந்திய, கிழக்கிந்திய மாநிலங்களில் உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைவாக வாழ்வதையும், பொருளாதார நிலையைக் கணக்கில் எடுத்த பின்னும் இடைவெளி முழுதாக மறையாததையும் காட்டியது. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. ஆயினும் கேள்வி இங்கும் பொருந்தும். தாமதமாக முதுமையடைந்து நீண்டு வாழ்பவருக்கும், விரைவில் தளர்ந்து முன்னரே இறப்பவருக்கும் ஒரே எண்ணை வைத்தால், பின்னவரின் பங்கு முன்னவருக்குச் செல்லும்.

வேறு மாநிலங்கள் இதை உணர்ந்திருக்கின்றன. ஜார்க்கண்ட் 2024இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு ஓய்வூதிய வயதை 50 ஆகக் குறைத்தது. ஆந்திரத்தில் கைத்தறி நெசவாளர் 50 வயதிலேயே ஓய்வூதியம் பெறுகிறார். 2024 ஜூலை முதல் தொகை 4,000 ரூபாய். காஞ்சிபுரத்துக்கு வடக்கே சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் வெங்கடகிரி நெசவாளி, காஞ்சி நெசவாளியைவிடப் பத்தாண்டு முன்னதாக, மூன்று மடங்குக்கும் அதிகமாகப் பெறுகிறார். தப்புக் கலைஞருக்கு 50, மரபுவழிச் செருப்புத் தொழிலாளிக்கு 40 என அம்மாநிலம் வயது வகுத்திருக்கிறது. சாதித்தொழிலோடு ஓய்வூதியத்தைக் கட்டுவது ஒருவரை அத்தொழிலோடே கட்டிவிடும் ஆபத்தும் கொண்டது. எனவே ஜார்க்கண்டின் வழியே மேலானது எனக் கருதுகிறேன். தமிழ்நாட்டுக்கும் இது அந்நியமன்று. 50 வயதைக் கடந்த, திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு இம்மாநிலம் ஏற்கெனவே ஓய்வூதியம் தருகிறது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைக்கப்பட்டதே காஞ்சிபுரத்தில்தான். அந்தத் திட்டத்துக்குப் பட்டியல் சாதியினர் துணைத்திட்ட நிதி பயன்படுத்தப்படுவது குறித்து அதே ஆண்டு தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் மாநில அரசிடம் விளக்கம் கேட்டது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்திலும் ஒரு பகுதி துணைத்திட்டத்துக்குரிய 789 என்ற கணக்குத் தலைப்பில்தான் எழுதப்படுகிறது. எல்லாருக்கும் உரிய ஓய்வூதியத்தைத் தலித்துக்குத் தரும்போது மட்டும் அதைச் சிறப்பு நிதியாகக் கணக்கிடுவது நேர்மையன்று. சிறப்பு நிதி என்றால் சிறப்பாக ஒன்று நடக்க வேண்டும். அந்த நிதியைக் கொண்டு வயது வரம்பைத் தாழ்த்தலாம், பதிவற்ற துணைத் தொழிலாளரைத் தேடிச் சென்று சேர்க்கலாம். 2024இல் இயற்றப்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் இத்தகைய திட்டங்களைக் கேட்டுப் பெற இடமளிக்கிறது.

789ஆம் தலைப்பில் செலவு எழுதப்படுகிறது என்றால், பயனாளிகளின் சாதிவாரி எண்ணிக்கையும் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டக் கல்லூரி மாணவர்கள் ஐந்து வட்டாட்சியர் அலுவலகங்களின் பொதுத் தகவல் அலுவலர்களுக்கும் தனித்தனியே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு அனுப்பலாம். கடந்த மூன்று ஆண்டுகளில் வந்த முதியோர் ஓய்வூதிய மனுக்கள், ஏற்கப்பட்டவை, தள்ளுபடியானவை, ஒவ்வொரு தள்ளுபடிக்கும் எழுதப்பட்ட காரணம், நிறுத்தப்பட்ட ஓய்வூதியங்கள் ஆகியவற்றைக் கிராமவாரியாகவும் சாதிவாரியாகவும் கேட்க வேண்டும். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும்; 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். தள்ளுபடியான முதியவர் தமக்கு எழுத்துமூல ஆணை வரவில்லை என்றால் முதலில் அதைக் கேட்டுப் பெற வேண்டும். அந்த ஆணையின் நகலோடு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். உடன் செல்ல ஒருவர் இருப்பது நல்லது. மனு பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பக் கூடாது.